கேமராவுக்கு நேரம் சொல்ல ஒரு பெட்டி

திருச்சி

அன்புள்ள சேகர்,

உன் மடல் வந்தது. பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்பதைக் கமலாவிடம் படித்துக் காட்டினேன். "இனி அண்ணனுக்கு முட்டிவலி எல்லாம் மறந்துபோகும், அவள் பின்னாலேயே ஓடத்தான் நேரம் இருக்கும்" என்றாள். இங்கே எல்லோரும் சுகம். மாடித் தோட்டத்தில் கத்தரி காய்த்துத் தள்ளுகிறது, தின்னத்தான் ஆளில்லை.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அடுக்ககத்தில் பைக் திருடு போய், பதிவைப் போட்டுப் பார்த்தால் கேமரா ரெக்கார்டரின் கடிகாரம் பல நிமிடம் பின்தங்கியிருந்தது என்று எழுதியிருந்தாய். போனெல்லாம் சரியான மணி காட்டும்போது இதற்கு மட்டும் என்ன வந்தது என்றும் கேட்டிருந்தாய். அதை இன்டர்நெட்டிலிருந்து துண்டிக்கச் சொன்னவன் நான்தான், இப்போதும் அதையேதான் சொல்வேன். வாசலில் யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று பார்க்கிற சாமான், எங்கோ இருக்கிற சர்வரோடு இரவு பகலாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் துண்டித்தபின் அதற்கு மணி சொல்ல ஆளில்லை. உள்ளே இருப்பது சாதாரண குவார்ட்ஸ் படிகக் கடிகாரம். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே மாதத்துக்கு 50 வினாடி ஓடிவிடும், வருடத்தில் பத்து நிமிடம்.

இதற்காகத்தான் என் வீட்டில் ஒரு டைம் சர்வர், அதாவது வீட்டுக் கருவிகள் வெளியே போகாமல் மணி கேட்டுக்கொள்ளும் பெட்டி, வைத்திருக்கிறேன். ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி போர்டு, ஒரு ஜிபிஎஸ் மாட்யூல், ஜன்னல் கம்பிக்கு வெளியே ஆண்டெனா, அவ்வளவுதான். பழைய பை போர்டுகளில் ஈதர்நெட், அதாவது கம்பிவழி நெட்வொர்க், யுஎஸ்பி வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். 4-இல் நேராக வருவதால் நேரம் அவ்வளவு ஆடாது. வைஃபை இந்த வேலைக்கு ஆகாது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. மாட்யூல் அதைக் கேட்டு, சீரியல் வழியாக வினாடிக்கு ஒருமுறை மணியை எழுத்தாக அனுப்பும். அது வந்து சேர நூற்றுக்கணக்கான மில்லிவினாடி ஆகும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரியும் ஆகாது. அதனால் பிபிஎஸ் என்று தனியாக ஒரு கம்பி, வினாடி பிறக்கும் கணத்தில் ஒரு துடிப்பு மட்டும் அதில் வரும். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் அச்சடித்திருந்தாலும் தாலி ஏறும் கணத்தைக் கெட்டிமேளம்தானே சொல்கிறது, அதுபோல. எது எத்தனையாவது வினாடி என்பதை எழுத்தும், அது எங்கே தொடங்குகிறது என்பதைத் துடிப்பும் சொல்லிவிடும். செயற்கைக்கோள்கள் பிடிபட்டதும் மாட்யூலில் குட்டி விளக்கு வினாடிக்கு ஒருமுறை மினுக்கும். முதலில் அதைப் பார்த்தபோது நான் வேலை எதுவும் செய்யாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், கமலா திட்டும்வரை.

வானத்திலிருந்தே வருகிறது, இனி யாரை நம்பவேண்டும் என்று நீ கேட்பாய். பொதுமக்களுக்கான அந்த ஜிபிஎஸ் சிக்னலில் அனுப்பியது யாரென்று காட்டும் கையெழுத்து எதுவும் இல்லை. தரைக்கு வரும்போது மிகவும் மெலிந்துபோயிருக்கும், பக்கத்தில் ஒருவன் கொஞ்சம் பலமான ரேடியோவை வைத்து அதை அமுக்கவும் முடியும், போலியாக அனுப்பவும் முடியும். இன்னொன்று, பழைய மாட்யூல்கள் வாரத்தை 1024 வரைதான் எண்ணும், பிறகு மறுபடி பூஜ்யம். 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியபோது சில கருவிகள் தேதியைச் சுமார் இருபது வருடம் பின்னால் காட்டின. அடுத்தது 2038 நவம்பரில்.

இன்டர்நெட் வழி நேரமும் நெடுங்காலம் இதே கதைதான். டேவிட் மில்ஸ் 1985-இல் என்டிபி-யை, கணினிகள் ஒன்றிடம் ஒன்று மணி கேட்கும் முறையை, வகுத்துக் கொடுத்தபோது வலைப்பின்னல் சின்னது, எல்லோரும் தெரிந்தவர்கள். இன்றைக்கும் பெரும்பாலான கருவிகள் அதற்கான 123-ஆம் போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள வாசலில், பதில் சொன்னவன் யாரென்று பார்ப்பதில்லை. உன் ரயில்வே இலாகாவிலும் முன்பு அப்படித்தானே? 1906-க்கு முன் ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில், கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முன்னால் ஓடின. நுங்கம்பாக்கம் வானாய்வகத்து நேரம் தந்தியில் போகும், அந்தப் பக்கம் இருந்த ஸ்டேஷன் மாஸ்டர் கேள்வி கேட்காமல் முள்ளைத் திருப்பிக்கொள்வார். அன்றைக்குத் தந்திக் கம்பிக்குக் காவல் இருந்தது. இன்றைக்குப் பொய் நேரம் கொடுத்தால் இணையதளத்தின் காலாவதியான அடையாளச் சான்றிதழைக் கணினி செல்லும் என்று நினைத்துக்கொள்ளும், திருட்டுத்தளத்தையும் நம்பும்.

இதற்குத்தான் 2020-இல் என்டிஎஸ், அதாவது என்டிபி-க்கு ஒரு பாதுகாப்பு, வந்தது. முதலில் 4460-ஆம் போர்ட்டில், வங்கித் தளங்களில் நடப்பதுபோல சான்றிதழ் பார்த்துச் சாவி மாற்றிக்கொள்வார்கள். அப்புறம் நேரம் வழக்கம்போல 123-இலேயே வரும், ஆனால் ஒவ்வொரு பொட்டலத்திலும் முத்திரை இருக்கும். நேரம் ஒன்றும் ரகசியமில்லையே, அதனால் மறைப்பதில்லை, இடையில் எவனும் மாற்றவில்லை என்று காட்டுவதோடு சரி. க்ரோனி என்ற மென்பொருள் 4.0 பதிப்பிலிருந்து இதைப் பேசும். கிளவுட்ஃப்ளேர், ஸ்வீடனின் நெட்னாட், ஜெர்மனியின் பிடிபி ஆகிய மூன்று நிறுவனங்களின் டைம் சர்வர்களை வைத்திருக்கிறேன். தூரத்துச் சர்வர் துல்லியம் தராது. போகும் வழியும் வரும் வழியும் சமம் என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள், சமமில்லாவிட்டால் போய்வரும் நேரத்தில் பாதிவரை பிசகலாம். அதனால் அவை காவலுக்கு மட்டும். ஜிபிஎஸ் திடீரென்று அரை மணி தள்ளிப் பேசினால் மற்ற மூன்றும் மறுத்துவிடும். இரண்டே பேர் இருந்தால் யார் பொய் என்று தெரியாது, அதனால்தான் நாலு.

இதில் ஒரு முடிச்சு உண்டு. பை 4-இல் மின்கலக் கடிகாரம் கிடையாது. மாதக்கணக்கில் அணைந்து கிடந்துவிட்டு எழுந்தால் அது பழைய தேதியிலேயே விழிக்கும், புதுச் சான்றிதழைப் பார்த்து "இது இன்னும் தொடங்கவே இல்லையே" என்று தள்ளிவிடும். நேரம் வாங்கச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழைச் சரிபார்க்க நேரம் வேண்டும். டிஎஸ்3231 என்ற சின்னக் கடிகாரச் சில்லை, பட்டன் பேட்டரியோடு, மேலே செருகினால் தீர்ந்தது.

பெட்டிக்குள் நுழைய டிஜிட்டல் சாவி மட்டும்தான், பாஸ்வேர்டை மூடிவிட்டேன். 123 வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்திருக்கிறது. ரவுட்டரில் வெளியே திறந்துவிடாதே. 2014-இல் இப்படித் திறந்துகிடந்த பழைய என்டிபி சர்வர்களிடம் சின்னக் கேள்வி கேட்டுப் பெரிய பதிலை வேறொருவர் தலையில் கொட்டவைத்தார்கள், வினாடிக்கு சுமார் 400 கிகாபிட் வரை போனது. ரெக்கார்டருக்கு என்டிஎஸ் தெரியாது, முத்திரையில்லாத பழைய என்டிபி-தான். அதனால் கேமரா வயரிங்கில் வேறு எதையும் சேர்க்காதே.

க்ரோனி காட்டும் பட்டியலில் 377 என்று வந்தால் பயப்படாதே. கடைசி எட்டுக் கேள்விக்கும் பதில் வந்தது என்று எட்டடிமான எண்ணில் சொல்கிறது. பெயருக்கு முன்னால் நட்சத்திரம் இருப்பது அந்த நேரத்தில் பின்பற்றுகிற ஆள், எக்ஸ் போட்டிருந்தால் பொய்யன். மதிய வெயிலில் படிகம் சூடேற ஏற வேகத் திருத்தம் நகர்வதும் க்ரோனியில் தெரியும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று சொல்கிறேன், உனக்கு ஜிபிஎஸ் வேண்டாம். கேமராவுக்கு ஒரு வினாடி சுத்தம் போதும், மைக்ரோவினாடி எல்லாம் என் ஆசைக்கு. மொட்டைமாடியில் ஆண்டெனா வைக்க உங்கள் சங்கத்தில் தீர்மானம் போட்டு முடிவதற்குள் பேத்தி பள்ளிக்கூடம் போய்விடுவாள். பை 4, நல்ல அடாப்டர், கடிகாரச் சில்லு, நாலு என்டிஎஸ் சர்வர், போதும். மெமரி கார்டு மட்டும் மலிவாக வாங்காதே. எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டு எழுது, அமைப்புக் கோப்பை அனுப்புகிறேன். முட்டிக்கு எண்ணெய் போடுகிறாயா, இல்லையா?

அன்புடன்,
ராமு