மடையில கெடச்ச அண்ணன்

மாப்ள,

நல்லாருக்கியா? தங்கச்சிக்கு முழங்கால் வலி இப்ப எப்படி இருக்கு? உன் மெசேஜுக்கு ஒரு வரியில பதில் போட மனசு வரல, அதான் பொறுமையா உக்காந்து டைப் பண்றேன். ரிட்டயர் ஆனதுலேருந்து காலையில எந்திரிச்சா எதுக்கு எந்திரிச்சோம்னே தெரியலடான்னு எழுதிருந்தியே, அது ரெண்டு நாளா என்னைத் தூங்க விடல.

இங்க மேட்டூர் ஜூன் 12 தொறந்து, கல்லணை தாண்டி குடமுருட்டி ஆத்துலயும் தண்ணி வந்துடுச்சு, குறுவை நடவு ஆரம்பிச்சாச்சு. போன வாரம் ராத்திரி பதினோரு மணி இருக்கும், மடைய பாக்கப் போனா பங்காளி அண்ணன் அங்க நிக்கிறாரு. உனக்குத்தான் தெரியுமே, வரப்புத் தகராறுல ஆறு வருஷமா பேச்சுவார்த்தை கெடையாது, அவரு பொண்ணு கல்யாணத்துக்குக் கூட நான் போவல. மடையில கோரையும் பிளாஸ்டிக் பையும் அடைச்சிக்கிட்டு வயலுக்குத் தண்ணி ஏறல, அவரு முழங்கால் சேத்துல எறங்கி கையாலயே நோண்டிட்டு இருக்காரு. நான் பேசாம டார்ச் அடிச்சேன். "கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டு தம்பி"ன்னாரு. தம்பின்னு கூப்ட்டாரு மாப்ள. எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு, செருப்பக் கழட்டிட்டு நானும் எறங்கிட்டேன். அப்பறம் வரப்புல உக்காந்து ரெண்டு மணி வரைக்கும் பேசிட்டு இருந்தோம், எங்கப்பா, அவரு அப்பா, செத்துப்போன மாடு, என்னென்னமோ.

ஆறு வருஷமா ராத்திரி ராத்திரி இதத்தான் யோசிச்சேன்னு நெனச்சிட்டு இருந்தேன். அது யோசனையே இல்ல, என் பக்கத்து நியாயத்தையே திரும்பத் திரும்ப அடுக்கிட்டு இருந்திருக்கேன். எதிர்ல ஒரு ஆளு உக்காந்து கேட்டாதான் நாம சொல்றது நமக்கே காதுல விழுது.

தமிழய்யா நடத்துன சங்கப் புலவர் பிசிராந்தையார் ஞாபகம் இருக்கா? இவ்ளோ வயசாகியும் ஏன் நரைக்கலன்னு கேட்டதுக்கு, பொண்டாட்டி புள்ளைங்க, வேலைக்காரங்க, ராஜா, ஊர்ல இருக்குற சான்றோருன்னு சுத்தி இருக்கவங்களைத்தான் சொன்னாரு, புறநானூறு 191, தன் சாமர்த்தியம்னு ஒரு வார்த்தை இல்ல. அவரு சிநேகிதன் கோப்பெருஞ்சோழன் நம்ம உறையூர் ராஜா, பெத்த புள்ளைங்களோடயே பகையாகி வடக்கிருந்தான், அதான் வடக்கப் பாத்து உக்காந்து சாப்பிடாம உயிர விடுறது, அப்பவும் நேர்ல பாக்காத சிநேகிதன் வருவான்னு பக்கத்துல எடம் விட்டு வைக்கச் சொன்னான், பாண்டிய நாட்டுலேருந்து அவரும் வந்து சேந்தாரு. பரிட்சைக்கு மனப்பாடம் பண்ணப்ப எனக்கு இது ஒண்ணும் ஒறைக்கல, இப்ப ஒறைக்குது.

நீ தனியா ரூம்ல உக்காந்து விடை தேடாத. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு எனக்கு போன் அடி, விஷயம் இல்லன்னாலும் அடி. உங்க தம்பிகிட்ட பேசி எத்தன வருஷம் ஆச்சுன்னு நான் கேக்கல, நீயே எண்ணிப் பாரு.

ஆடிப்பெருக்குக்கு கண்டிப்பா வா, அண்ணனும் உன்னை விசாரிச்சாரு. திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறைக்குப் போவோம். தங்கச்சியையும் கூட்டிட்டு வா, படி எறங்க முடியலன்னா மேலயே உக்காரட்டும், நான் சொம்புல மொண்டுட்டு வந்து காலு நனைக்கிறேன்.