பதினான்காவது பிரட்டோடு நின்றுபோன மிக்ஸர்

அனுப்புநர்:
பில்லில் உள்ள பெயர், முகவரிப்படி,
கோபிசெட்டிபாளையம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 2.6.2025

பொருள்: ஸ்டாண்ட் மிக்ஸரின் கியர் உடைந்ததும், வாரண்டியில் சரிசெய்து தர மறுத்ததும் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். ஜனவரி 9 அன்று உங்கள் இணையதளத்தில் நேரடியாக வாங்கிய, மாவு பிசையும் ஸ்டாண்ட் மிக்ஸர் (5 லிட்டர் பௌல், 1200 வாட், விலை 17,999 ரூபாய்) ஏப்ரல் 26 சனிக்கிழமை காலையில் பாதி பிசைந்த மாவோடு நின்றுவிட்டது. மோட்டார் ஓடுகிறது, மாவு பிசைகிற கொக்கி சுற்றவில்லை. போனில் நான்கு முறை சொல்லியாயிற்று. ஏப்ரல் 29 அன்று மின்னஞ்சல் அனுப்பினேன். "உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்" என்று தானாக ஒரு பதில் வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும். போனில் பேசியவர்கள் யாரும் முழுசாகக் கேட்கவில்லை, எழுத்தில் இருந்தால் நடுவில் கட் செய்ய முடியாது.

எங்கள் பக்கம் பிரட்டு என்றால் இன்றைக்கும் பாதிப் பேருக்குக் காய்ச்சல்காரர் சாப்பாடுதான். கையில் பிரட் பாக்கெட்டோடு தெருவில் நடந்தால், "ஏனுங்க, யாருக்கு ஒடம்புக்கு முடியல?" என்று விசாரிப்பார்கள். தெருவுக்கொரு பேக்கரி இருக்கிற ஊர்ப்பக்கத்தில் வீட்டில் எதற்கு பிரட் சுட வேண்டும் என்று என் வீட்டுக்காரரே கேட்டார். என் மாமியாருக்கு வயது 78, பல் இல்லை. காலையில் பாலில் நனைத்த இரண்டு துண்டு பிரட்தான் ஆகாரம். கடை பிரட்டின் இனிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் ஆறு வருடமாக நானே சுடுகிறேன். கையில் பிசைந்து பிசைந்து வலது மணிக்கட்டு போனது. டாக்டர் பிசைவதை நிறுத்தச் சொன்னார். பெட்டியின் மேல் வெட்டி அடுக்கிய வெள்ளை பிரட் படம் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் உங்கள் மெஷினை வாங்கினேன்.

இப்போது என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அளவுக்கு மேல் மாவு போட்டேன் என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். மைதா 500 கிராம், தண்ணீர் 310 மில்லி, ஈஸ்ட் 7 கிராம், உப்பு 10, சர்க்கரை 20, பால் பவுடர் 20, வெண்ணெய் 25. எல்லாம் தராசில் நிறுத்துத்தான் போடுகிறேன். கூட்டினால் 900 கிராம்கூட வராது. உங்கள் பெட்டியில் கொட்டை எழுத்தில் "1.5 கிலோ வரை மாவு பிசையும்" என்று இருக்கிறது. நான் அதில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடத் தொடவில்லை.

சரி, பெட்டிக்குள் இருக்கும் கையேட்டுக்கு வருவோம். 11-ம் பக்கத்தில், கொக்கி போட்டுப் பிசையும்போது உலர்ந்த மாவு 500 கிராமைத் தாண்டக்கூடாது, இரண்டாம் வேகத்துக்கு மேல் போகக்கூடாது, ஒரே மூச்சில் 5 நிமிடத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, பிறகு 20 நிமிடம் ஆறவிட வேண்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். 500 கிராம் மாவில் ஒன்றரைக் கிலோ வரவேண்டுமென்றால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்குப் பேர் பிரட் மாவு இல்லை, கூழ். கூழ் கிண்ட எனக்கு 18 ஆயிரம் ரூபாய் மெஷின் வேண்டாம், அகப்பை இருக்கிறது.

அதே பெட்டியில் வழவழத் தாளில் ஒரு சமையல் குறிப்பும் இருந்தது. "வெள்ளை பிரட்: நான்காம் வேகத்தில் 12 நிமிடம் தொடர்ந்து பிசையவும்." கையேடு ஒன்று சொல்ல, குறிப்புத்தாள் இன்னொன்று சொல்ல, பெட்டி மூன்றாவதாக ஒன்று சொல்கிறது. மூன்றையும் எழுதியது நீங்கள்தான். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்ப்பதில்லையா?

நான் கையேட்டைத்தான் கேட்டேன். பழக்கம் அப்படி, எதை வாங்கினாலும் பொடி எழுத்திலிருந்துதான் படிப்பேன். இரண்டாம் வேகத்தில் 4 நிமிடம், மூடிவைத்து 20 நிமிடம், வெண்ணெய் சேர்த்து மறுபடி 4 நிமிடம், மறுபடி ஓய்வு, கடைசியாக ஒரு 3 நிமிடம். இப்படிப் பிசைந்தாலும் மாவு நன்றாகவே வரும். ஓய்வு நேரத்தில் மைதா தண்ணீரைக் குடித்துத் தானாகவே இழுவை பிடித்துக்கொள்ளும். ஒரு சிட்டிகை மாவை எடுத்து விரலால் விரித்தால் கிழியாமல், அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிற அளவுக்குத் தோல்போல விரிய வேண்டும். புரோட்டா மாஸ்டர் விசிறுவாரே, அந்தப் பதம். அது வராமல் சுட்டால் பிரட் செங்கல்லாகிவிடும். சித்திரை வெயிலில் மாவு சூடேறி ஈஸ்ட் முந்திக்கொள்ளும் என்பதால் ஐஸ் தண்ணீரில்தான் பிசைவேன். இதெல்லாம் தெரியாமல் மெஷினைப் போட்டு வதைத்தேன் என்று யாரும் நினைக்கவேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் கொக்கியில் மாவு மேலே ஏறிக் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். நிறுத்தி நிறுத்தி வழித்துவிட வேண்டும். மெஷின் மேடையில் குதித்துக் குதித்து நகரும், ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் நான் புகாராகச் சொல்லவில்லை. பல மெஷின்களில் இருக்கிற குணம்தான்.

ஜனவரி 11 முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பிரட். பொங்கலுக்கு விருந்தாளிகள் வந்த வாரமும், பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் (தீமிதி) சமயத்தில் ஒரு வாரமும் சுடவில்லை. ஆக 14 முறை. நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். பதினான்காவது முறை, இரண்டாவது சுற்றில், மெஷினின் மண்டைக்குள் "டக் டக் டக்" என்று சத்தம் வந்தது. ஸ்விட்சை அணைப்பதற்குள் கொக்கி நின்றுபோனது. மாவை வழித்து மேடையில் போட்டு, கட்டுப் போட்ட கையாலேயே பத்து நிமிடம் பிசைந்து முடித்தேன். ஓவனில் 200 டிகிரியில் 32 நிமிடம். அடியில் தட்டிப் பார்த்தால் வெற்றுப் பானைச் சத்தம். அன்றைக்கு வந்ததுபோல ஒரு பிரட் அதற்கு முன் வந்ததில்லை. மணிக்கட்டு மட்டும் ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது.

28-ம் தேதி போன் செய்தபோது, கோபிக்கு ஆள் வரமாட்டார்கள், கோயமுத்தூர் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். மே 5 அன்று மெஷினைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு, சத்தி, புளியம்பட்டி, அன்னூர் வழியாகப் பஸ்ஸில் காந்திபுரம் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்தேன். கவுண்டரில் இருந்த தம்பி மெஷினைத் திறக்காமலேயே, "மேடம், பிரட் மாவுக்கெல்லாம் இது தாங்காதுங்க. கேக், கிரீம் அடிக்கத்தான் இது" என்றார். பெட்டியில் இருந்த பிரட் படத்தைக் காட்டினேன். "அது மார்க்கெட்டிங்ல போடறதுங்க மேடம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் நிறுவனத்தில் எனக்கு உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

உள்ளே போய்த் திறந்து பார்த்துவிட்டு வந்த டெக்னீஷியன் இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, வோல்டேஜ் ஏற்ற இறக்கம். இரண்டு, கியர் பிளாஸ்டிக், அது தேய்மானப் பொருள், வாரண்டி மோட்டாருக்கு மட்டும்தான். கியர்பாக்ஸ் மாற்ற 4,350 ரூபாய்.

வோல்டேஜ் கதையை எங்களிடம் சொல்லாதீர்கள். இது பம்ப்செட்டும் மோட்டாரும் செய்கிற சீமை. இங்கே சின்னப் பையனுக்குக்கூட மோட்டாரின் கம்பிச்சுருள், அதாவது காயில், கருகினால் என்ன வாடை வரும் என்று தெரியும். மெஷின் நின்ற அன்றே எங்கள் தெருமுனையில் மோட்டார் காயில் கட்டுகிற கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாரண்டி போய்விடும் என்று ஸ்க்ரூவைத் தொடவிடவில்லை. பிளக்கைப் போட்டு, காதை வைத்துக் கேட்டார். "அக்கா, மோட்டார் ஜம்முனு ஓடுதுங்க. உள்ள பல்லுதானுங்க போயிருக்குது" என்றார். உங்கள் டெக்னீஷியன் திறந்து பார்த்துச் சொன்னதும் அதேதான். வோல்டேஜால் கெட்டால் மோட்டார் போகும். பல்சக்கரத்தின் பல் எப்படி மழுங்கும்? போதாக்குறைக்கு வீட்டில் ஸ்டெபிலைசரும் இருக்கிறது.

அந்தக் கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார், அதை நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். 1200 வாட் என்பது மெஷின் உச்சத்தில் இழுக்கிற கரண்ட்டின் கணக்கு, கொக்கிக்குப் போய்ச் சேருகிற பலம் இல்லை. எங்கள் வீட்டுக் கோயமுத்தூர் கிரைண்டர், புவிசார் குறியீடு வாங்கிய அதே சாமான், வெறும் 150 வாட். பெல்ட் போட்டு நிதானமாகச் சுற்றுகிற அது, முக்கால் மணி நேரம் உளுந்தும் அரிசியும் ஆட்டிவிட்டுச் சும்மா நிற்கிறது. வேலை வேறு, கல்லும் கொக்கியும் ஒன்றாகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாட் எண்ணைப் பெட்டியில் பெரிதாகப் போட்டு விற்கிறவர்கள், உள்ளே வைத்த பல்சக்கரத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

பிளாஸ்டிக் கியர் வைத்ததையே நான் குற்றம் சொல்லவில்லை. மாவு இறுகி மாட்டிக்கொண்டால் மோட்டார் கருகாமல் இருக்க, முதலில் உடைவதற்கென்றே ஒரு பல்சக்கரத்தை வைப்பது உண்டு, ஃபியூஸ் மாதிரி. அப்படியென்றால் அதை ஃபியூஸ் மாதிரியே நடத்துங்கள். மலிவாக, எளிதாக மாற்றுகிற மாதிரி, பெட்டியிலேயே ஒன்று உபரியாக வைத்துக் கொடுங்கள். 14 பிரட்டுக்கு ஒரு முறை 4,350 ரூபாய் என்றால் பிரட் ஒன்றுக்கு 310 ரூபாய், மைதாவும் வெண்ணெயும் தனி. அந்தக் காசுக்கு எங்கள் பேக்கரிக்காரர் வீட்டுக்கே வந்து ஊட்டிவிடுவார்.

4,350 ரூபாய் கட்ட மறுத்து மெஷினைத் திரும்பத் தூக்கி வந்துவிட்டேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள், வீட்டுக்கு வந்து எடுத்துப்போய், கியர்பாக்ஸை இலவசமாக மாற்றி, 500 கிராம் மைதாவைப் பிசைந்து காட்டிவிட்டுத் தாருங்கள். அந்தக் கியரும் அதே வேலைக்குத் தாங்காது என்று உங்களுக்கே தெரிந்தால், மெஷினை எடுத்துக்கொண்டு 17,999 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். பஸ், ஆட்டோ செலவை நான் கேட்கவில்லை. ஆனால் பெட்டியில் இருக்கும் "1.5 கிலோ"வையும் அந்தச் சமையல் குறிப்பையும் திருத்துங்கள். அடுத்து வாங்குகிறவருக்கும் என்னைப்போல மணிக்கட்டு வலி இருக்கலாம்.

இணையத்தில் விற்கிறவர்கள் புகார் வந்த 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ல் வந்த மின்வணிக விதி. என் மின்னஞ்சலுக்கு மாதம் தாண்டிவிட்டது. 15 நாளில் பதில் இல்லையென்றால் 1915 உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய்க்குள் விலையுள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. உங்கள் வக்கீல்தான் பஸ் ஏறி வரவேண்டியிருக்கும்.

பில், வாரண்டி அட்டை, கையேட்டின் 11-ம் பக்கம், சமையல் குறிப்புத்தாள், பெட்டியின் படம், சர்வீஸ் சென்டர் கொடுத்த மதிப்பீடு ஆகியவற்றின் நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன். அசல்கள் என்னிடம் இருக்கின்றன.

மெஷின் பெட்டியோடு வீட்டில்தான் இருக்கிறது. ஆள் அனுப்புவதாக இருந்தால் முந்தின நாளே போன் செய்யச் சொல்லுங்கள். சனிக்கிழமை காலை மட்டும் வேண்டாம், கையெல்லாம் மாவாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோபிசெட்டிபாளையம்.