ஏசிக்குள் நிற்கும் தண்ணீர்

அன்பின் ரவி,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், போட் வாங்கியவனுக்கு என்ன குறை. கோடை முழுக்க எழுதாமல் இருந்ததற்கு ஏச்சு வாங்கத் தயார், ஆனால் அதை நேரில் வைத்துக்கொள்வோம். நேற்றிரவு உன் குரல் செய்தியைக் கேட்ட பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. "போட்டைக் கரைக்கு ஏற்றியாச்சு, எஞ்சின் வேலையை அவங்களே பார்த்திட்டாங்கள். ஏசிதானே, பனிக்காலத்தில் அதை யார் போடப்போறது" என்று சிரிக்கிறாய். கிங்ஸ்டனில் ஜனவரிக் குளிரை இத்தனை வருடம் பார்த்தவன் சொல்கிற கதையா இது?

வீட்டு ஏசி வெப்பத்தைக் காற்றில் விடுகிறது. அதைப் பனிக்காலத்தில் மறந்துவிடலாம். உன் போட்டில் இருப்பது வெப்பத்தை ஏரித் தண்ணீரில் விடுகிற சாமான். அடியிலுள்ள வால்வால் தண்ணீர் ஏறி, வடிகட்டி, பம்பு, சூட்டை அந்தத் தண்ணீருக்கு விடுகிற கண்டென்சர் சுருள் எல்லாம் தாண்டிப் பக்கத்துத் துவாரத்தால் வெளியே போகிறது. நீ கடைசியாகப் போட்டபோது ஏறிய தண்ணீர் இன்னும் உள்ளேதான் நிற்கிறது. கரைக்கு ஏற்றியதும் தானாக வடிந்திருக்கும் என்று சொல்லாதே. குழாய் தொய்ந்த இடத்திலும் பம்பின் தலைக்குள்ளும் சுருளுக்குள்ளும் வடியாது. ஊரில் வாடை தொடங்கினால் வள்ளத்தைக் கரைக்கு இழுத்ததோடு வேலை முடிந்தது. இங்கே இழுத்த பிறகுதான் தொடங்குகிறது. ஏரியில் கிடந்தால் சுற்றியுள்ள தண்ணீராவது கொஞ்சம் காப்பாற்றும். ஸ்டாண்டில் நிற்கிற போட்டுக்கு நாலு பக்கமும் உறைகாற்று.

தண்ணீர் பனிக்கட்டியானால் 9 சதவீதம் பெருக்கும். பம்பின் பிளாஸ்ரிக் தலை வெடித்தால் பரவாயில்லை, மாற்றிவிடலாம். எனக்குப் பயம் கண்டென்சரில். அது குழாய்க்குள் குழாய் வைத்துச் சுருட்டியது: உள்ளே ஏரித் தண்ணீர், வெளியே குளிராக்குகிற காஸ். சென்ற வசந்தத்தில் ஒன்றைக் கழற்றினேன். பனிக்கால வேலை முடிந்தது என்று போட் யார்டில் பில் போட்டுக் காசும் வாங்கியிருந்தார்கள், உரிமையாளரும் நம்பிவிட்டார். உள்குழாயில் நக நீளத்துக்கு ஒரு வெடிப்பு, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினால்தான் தெரியும். அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் காஸ் பக்கம் போய்க் கொம்பிரசர் வரைக்கும் நாசம். கழற்றிய இடத்தில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து பால் தேத்தண்ணி மாதிரி வழிந்தது. திருத்துவதை விடப் புதிது மலிவு என்று நான்தான் அந்த மனிசனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

காற்றை அடித்துவிட்டால் போதும் என்று குண்டன் சொல்லியிருப்பான், எனக்குத் தெரியும். குண்டனின் யோசனைகளை நாம் சைக்கிள் விஷயத்திலேயே பார்த்துவிட்டோம். காற்று தண்ணீரின் மேலால் போய்விடும், பள்ளத்தில் நிற்பது அப்படியே நிற்கும். தண்ணீரைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அன்ரிபிறீஸ், அதுதான் லேசில் உறையாத அந்த இளஞ்சிவப்புத் திரவம், நிற்க வேண்டும். போத்தலில் போட்டிருக்கிற மைனஸ் 50 பெரும்பாலும் பரனைற், அதாவது செல்சியசில் மைனஸ் 46. அதுவும் குழாய் வெடிக்காமல் தாங்கும் அளவுதான். அதற்கு வெகு முன்னமே அது கூழாகிவிடும். உள்ளே நிற்கும் தண்ணீரோடு கலந்தால் அந்தக் கணக்கும் பிழையாகிவிடும். அதனால் வெளித்துவாரத்தில் இளஞ்சிவப்பைக் கண்டவுடன் பம்பை நிறுத்தக் கூடாது, போத்தலில் இருக்கிற அதே கடும் நிறம் வரும்வரை ஓட வேண்டும். உனக்கு முன்னறைக்கு ஒன்று, பின்னறைக்கு ஒன்று என்று இரண்டு ஏசி, பம்பு ஒன்று. ஒரு துவாரத்தில் நிறம் வந்தால் மற்றதிலும் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இனி விளையாட்டில்லை, கவனமாகக் கேள். கராஜில் கார் அன்ரிபிறீஸ் மிச்சம் இருக்கும், காசு மிச்சம் என்று அதை ஊற்றிவிடாதே. அது எத்திலீன் கிளைக்கோல். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போய்விடும். உன் நாய் அந்தப் போட்டுக்குள் மூக்கை விடாத இடம் இல்லை. புரொப்பிலீன் கிளைக்கோல் என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்கு. அல்ககோல் கலந்தது மலிவுதான், ஆனால் தீப்பற்றும், ரப்பருக்கும் கூடாது.

அப்புறம் ஓகஸ்ட் கதை. ஏசியின் திரையில் எச்.பி.எப். என்று வந்து நின்றது, வந்து பார்த்தவர் காஸ் குறைவு என்று நிரப்பப் பார்த்தார் என்றாயே. நல்லகாலம், நீ கஞ்சன்! அது அழுத்தம் கூடிவிட்டது என்ற எச்சரிக்கை. கூலிங்கில் அது வந்தால் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் ஓட்டத்தை. நீ அனுப்பிய படத்தில் வடிகட்டி நிறையச் சிப்பி, வரிவரியாக, விரல்நகத்தை விடச் சின்னது. சீப்ரா மஸல். 1988இல் சென்ற் கிளேயர் ஏரியில் கண்டுபிடித்தார்கள், பிறகு பேரேரிகள் எல்லாம் பரவிவிட்டது. வடிகட்டியில் அவ்வளவு இருந்தால் வால்வு வாயிலும் இருக்கும். போட் கரையில் நிற்கும்போதே சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

ஹீற்றராகப் போட்டுப் பார்க்கலாம் என்ற யோசனையையும் விட்டுவிடு. அதுவும் ஏரித் தண்ணீரிலிருந்துதான் சூட்டை இழுக்கும், தண்ணீர் 4 பாகைக்குக் கிட்ட வந்தாலே திணறும். கரையில் நிற்கிற போட்டில் இழுக்க என்ன இருக்கிறது?

அம்மா அப்படியேதான். சில நாள் என்னைப் பெரிய மாமா என்று நினைத்துக் கதைக்கிறா. உன்னை மட்டும் கேட்கிறா, "வகுப்பில் முதலாம் பிள்ளை எங்கே" என்று. அந்தப் பொய்யை இத்தனை வருடம் காப்பாற்றி வைத்திருக்கிறாய். ஒரு நாள் வந்து பார், தள்ளிப்போடாதே.

ஞாயிறு காலையில் ஸ்காபரோவிலிருந்து வெளிக்கிட்டு நான் வருகிறேன். அதற்குள் எதையும் திறக்காதே. 120 வோல்ற் வயர் ஒன்றும், அன்ரிபிறீஸ் ஆறு போத்தலும் எடுத்து வை. கொம்பிரசர் ஓடத் தேவையில்லை, பம்புக்கு நான் தனியாகக் கரண்ட் கொடுத்துக்கொள்கிறேன். அந்தப் பம்பு தானாக உறிஞ்சாது, வடிகட்டிக்குள் நீ ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நான் வெளியே துவாரத்தில் நின்று நிறத்தைப் பார்ப்பேன், அன்ரிபிறீசில் தண்ணீர் எவ்வளவு கலந்தது என்று பார்க்கிற கருவியும் என்னிடம் உண்டு. கடைசியில் அடிவால்வைத் திறந்து விடுவோம், அதற்குள் திரும்புகிற உருண்டைக்குள் தண்ணீர் நின்றாலும் வால்வு உடைந்துவிடும். காற்று வடிகட்டியைக் கழுவுவதும் ஏசிக்குக் கீழேயுள்ள தட்டைத் துடைப்பதும் உன் வேலை.

மத்தியானச் சாப்பாடும் உன்னுடையதுதான். கருவாட்டுக் குழம்பு வை, பீட்சா வாங்கி வைத்தால் பாதி வேலையில் விட்டுவிட்டு வந்துவிடுவேன்.

உன்,
சிவா