தோலைத் தூக்கிப் போட்டுவிட்டார்களாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கண் தான இருவாரம் வந்தால் எல்லாப் பத்திரிகையும் 'கொடுங்கள், கொடுங்கள்' என்று எழுதுகிறது, கொடுத்த பிறகு என்ன ஆகிறது என்று யாரும் எழுதுவதில்லை. எங்கள் சித்தப்பா தங்கச்சிமடத்துக்காரர், நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். போன வருஷம் மதுரையில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். கண்ணோடு தோலும் கொடுத்தோம். நாலு மாதம் கழித்து நாங்களாகப் போய்க் கேட்டால், "தோலில் கிருமி இருந்தது, அழித்துவிட்டோம்" என்றார்கள். அவ்வளவுதான். ஊரில் பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்? உப்புத் தண்ணியிலேயே ஊறின உடம்பில் என்ன கிருமி என்று சித்தி ஒரு வாரம் அழுதார்.

அப்புறம் தெரிந்தவர் ஒருவரிடம் விசாரித்ததில்தான் புரிந்தது. எல்லார் தோலிலும் கிருமி உண்டு. இறந்த பிறகு குடலில் இருப்பதும் மெல்லப் பரவும், 6 மணி நேரத்துக்குள் எடுக்கச் சொல்வது அதனால்தான். எடுத்ததை ஆன்டிபயாடிக் கரைசலில் ஊறவைப்பார்கள். ஆனால் அந்த மருந்து பூஞ்சையைக் கொல்லாது, சில கிருமிகள் விதை மாதிரி ஓடு போட்டுக்கொண்டு உறங்கும், அந்த வித்துகளையும் ஒன்றும் செய்யாது. எங்கள் பாஷையில் சொன்னால், ஐஸ் பெட்டியில் இருக்கிறவரை மீன் நாறாது, வெளியே எடுத்து வைத்தால்தான் வண்டவாளம் தெரியும். மருந்து ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டைச் சோதித்தால் கிருமி அடங்கிக் கிடக்கும், 'சுத்தம்' என்றே முடிவு வரும். அதனால் ஊறவைக்கும் முன்பே ஒரு துண்டை எடுத்துச் சோதிக்க வேண்டும், பிறகும் மருந்தை நன்றாகக் கழுவிவிட்டு 14 நாள் வரை வளருகிறதா என்று பார்க்க வேண்டும். 2001-ல் அமெரிக்காவில் மின்னசோட்டாவில் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட 23 வயதுப் பையன் ஒருவன் செத்தே போனான். அவனுக்கு வைத்த தானத் திசுவை மருந்தில் நனைத்த பிறகுதான் சோதித்திருந்தார்கள்.

ஆக, சித்தப்பாவின் தோலை ஒதுக்கியது சரிதான், அதில் எனக்கு வருத்தமில்லை. தீக்காயத்தோடு கிடக்கும் ஒருவர் மேல் அதைப் போர்த்தி, அவருக்குச் சீழ் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆனால் இதையெல்லாம் நாங்கள் அலைந்து தெரிந்துகொள்ள வேண்டுமா? கையெழுத்து வாங்கும்போதே, சோதனையில் தேறாமலும் போகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. யாருக்குப் பொருத்தினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, அதைச் சொல்ல மாட்டார்கள் என்பது தெரியும். தேறியதா, இல்லையென்றால் ஏன், அதை மட்டும் தமிழில் ஒரு கடுதாசியில் எழுதி வீட்டுக்கு அனுப்பட்டும். கண் என்ன ஆனது என்று சித்தி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தங்கச்சிமடம்