40 கேள்விகளும் ஒரு காற்று மீனும்

அன்புள்ள எல்லோருக்கும்,

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மடலில் நான் நன்றி சொல்லப்போகும் ஆட்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்களிடம் நேரில் ஆங்கிலத்தில் சொல்லியாயிற்று, சிலருக்கு பப்பில் ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்தும் சொல்லியாயிற்று. ஆனால் இரண்டு மாதமாக நான் போனில் பிடித்து வைத்துக்கொண்டு "அக்ரிங்டன் கதை தெரியுமா, ஹார்ட்லிபூல் குரங்கு கதை தெரியுமா" என்று அறுத்ததையெல்லாம் பொறுத்துக்கொண்ட நம் ஆட்கள், "சரி, அந்தக் குவிஸ் என்னதான் ஆச்சு?" என்று கேட்டபடியே இருக்கிறீர்கள். அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே.

தெரியாதவர்களுக்கு: இங்கிலாந்தில் நான் இருக்கும் ஊரில் ஒரு குட்டிக் கால்பந்து கிளப் இருக்கிறது. பிரீமியர் லீக்கிலிருந்து எண்ணிக்கொண்டே இறங்கினால் விரல் தீர்ந்துபோகும் நேரத்தில் அதன் பெயர் வரும். கிளப் அறையின் கூரை ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறார்கள், இங்கே மழைக்குப் பஞ்சமே இல்லை என்பதால் அந்த வாளி அங்கேயே குடியிருக்கிறது. கூரைக்குப் பணம் சேர்க்க ஒரு குவிஸ் இரவு வைக்கலாம் என்று முடிவாகி, கேள்வி தயாரிக்க ஆள் வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. போதாததற்கு, மான்செஸ்டர் லிவர்பூல் எல்லாம் யாருக்குத்தான் தெரியாது, சின்ன கிளப்புகள் மட்டும், மொத்தம் 40 கேள்வி என்று நானே நிபந்தனையும் போட்டேன். இந்த நாட்டுக்கு வந்து 11 வருடம் ஆன ஆள், 1970களின் நாலாம் டிவிஷனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அதனால் கிளப் அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினேன்: "உங்கள் சின்ன கிளப் கதை ஒன்றைக் கொடுத்து உதவுங்கள்." அப்புறம் நடந்ததுதான் இந்த மடல்.

முதல் நன்றி ஹெரிஃபோர்டிலிருந்து வந்த பெரியவருக்கு. நான் அவரிடம் பெருமையாகக் காட்டிய முதல் கேள்வியே தப்பு. "1972இல் எஃப்.ஏ. கோப்பையில் (பெரிய கிளப், சின்ன கிளப் எல்லாம் மோதும் போட்டி) பெரிய கிளப்பான நியூகாசிலை ஹெரிஃபோர்ட் வீழ்த்தியபோது வெற்றி கோலை அடித்தது யார்?", விடை ரானி ராட்ஃபோர்ட் என்று எழுதியிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, தம்பிக்குச் சொல்வதைப் போலப் பொறுமையாகச் சொன்னார்: ராட்ஃபோர்ட் அடித்தது சமன் செய்த கோல். சேற்றில் 30 கஜத்திலிருந்து வந்த அந்த அடியை ஊரே பார்த்துவிட்டதால் எல்லாருக்கும் அதுதான் ஞாபகம். எக்ஸ்ட்ரா டைமில் வெற்றி கோலை அடித்தது மாற்று ஆட்டக்காரராக வந்த ரிக்கி ஜார்ஜ். அவரை எல்லாரும் மறந்துவிட்டார்கள். (அந்த ரிக்கி ஜார்ஜ் பிற்பாடு ஒரு பந்தயக் குதிரையில் பங்கு வாங்க, எர்த் சம்மிட் என்ற அந்தக் குதிரை 1998இல் கிராண்ட் நேஷனலை ஜெயித்தது. சிலருக்கு ஜாதகம் அப்படி.) அன்றைக்கு ஹெரிஃபோர்டின் எட்கர் ஸ்ட்ரீட் மைதானத்துக்குள் பார்கா கோட்டோடு பாய்ந்து ஓடிய பையன்களில் தானும் ஒருவன் என்றார் பெரியவர். பழைய காட்சியை ஓடவிட்டு "இதோ நான்" என்று ஒரு புள்ளியைக் காட்டினார். எனக்குக் கோட்டு மட்டும்தான் தெரிந்தது. ஆனாலும் நம்பினேன்.

அடுத்த வாரம் தொலைபேசியில் வந்தார் பாரோவைச் சேர்ந்த ஓர் அம்மா. ஹெரிஃபோர்ட் கேள்வி இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் போல. "அப்படியானால் அதன் மறுபாதியையும் கேட்டுக்கொள்" என்றார். லீக் என்றால் நாலு டிவிஷன், மொத்தம் 92 கிளப். அந்தக் காலத்தில் அதன் கடைசிப் படியான நாலாம் டிவிஷனின் கடைசி நான்கு கிளப்புகள், அடுத்த சீசனிலும் எங்களை வைத்துக்கொள்ளுங்கள் என்று மற்ற கிளப்புகளிடம் ஓட்டுக் கேட்டு நிற்க வேண்டும். வெளியே இருக்கும் கிளப்புகளும் அதே இடத்துக்கு நிற்கலாம். 1972இல் பாரோ கடைசி இடத்தில்கூட இல்லை, அவர்களுக்குக் கீழே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஆனால் நியூகாசிலை வீழ்த்திய புகழோடு ஹெரிஃபோர்ட் வந்து நின்றது. முதல் வாக்கெடுப்பில் இருவரும் சமம், இரண்டாவதில் ஹெரிஃபோர்ட் உள்ளே, பாரோ வெளியே. கப்பல் கட்டும் அந்த ஊரின் கிளப் மறுபடி லீக்குக்குள் வந்தது 2020இல், அதாவது 48 வருடம் கழித்து. டிவியில் ராட்ஃபோர்டின் அந்த கோலைப் போட்டாலே அப்பா எழுந்துபோய் அணைத்துவிடுவார் என்றார் அந்த அம்மா. கோப்பை சீசன் வந்தாலே அதைப் போடுவார்கள், அதனால் வருடாவருடம் அணைத்திருக்கிறார். இப்போது அவர் இல்லை. மகள் மட்டும் பார்ப்பாராம், "நல்ல கோல்தான், என்ன செய்வது" என்றார்.

அம்மா, உங்களுக்கு நன்றி. அந்த ஒரு போனுக்குப் பிறகு நான் கேள்வி தயாரிக்கும் முறையே மாறிவிட்டது. யாராவது ஒரு சந்தோஷக் கதையோடு வந்தால், அதே நாளில் அழுதது யார் என்று தேட ஆரம்பித்தேன்.

டார்க்கி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1987, மே 9. லீக்கிலிருந்து கடைசி கிளப் ஓட்டெடுப்பு இல்லாமல் தானாகவே வெளியேற வேண்டும் என்ற விதி வந்த முதல் வருடம். டார்க்கி யுனைடெட், குரூவிடம் 2-0 என்று பின்தங்கி, ஒரு கோல் திருப்பி, தவித்துக்கொண்டிருந்தபோது பந்தைத் துரத்திக்கொண்டு கோட்டோரம் ஓடிய ஜிம் மெக்நிக்கலை அங்கே நின்ற போலீஸ் நாய் கடித்துவிட்டது. நாயின் பெயர் பிரின். தன் எஜமானனைத் தாக்கத்தான் ஓடி வருகிறார் என்று அது நினைத்துவிட்டதாம். (திருப்பிய அந்த ஒரு கோலை அடித்தவரும் இதே மெக்நிக்கல்தான், பாவம்.) கடிக்கு மருந்து போட்ட நேரத்தை நடுவர் ஆட்டத்தோடு சேர்க்க, அந்தக் கூடுதல் நிமிடங்களில் பால் டாப்சன் கோலடித்து 2-2. டார்க்கி தப்பித்தது. இதை எனக்குச் சொன்ன டார்க்கி ரசிகர், இப்போது எங்கள் ஊரில் குழாய் வேலை பார்ப்பவர், பிரினைப் பற்றிப் பேசும்போது குலதெய்வத்தைப் பற்றிப் பேசுவது போலவே குரலைத் தாழ்த்திக்கொண்டார். சரி, அழுதது யார்? லிங்கன் சிட்டி. புள்ளிகள் சமம், கோல் வித்தியாசத்தில் கீழே போனார்கள். என் வேலையிடத்தில் மூன்று வருடமாக எதிர் மேசையில் உட்காரும் பெண் லிங்கன்காரி என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்! "நாய் கடித்து லீக்கை விட்டுப் போன ஒரே ஊர் எங்களுடையது, ஆனால் கடி வாங்கியது நாங்கள் இல்லை" என்றாள். அடுத்த வருடமே ஜெயித்துத் திரும்பிவிட்டார்கள் என்பதையும், 2017இல் லீக்குக்கு வெளியே இருந்துகொண்டே பர்ன்லியை அதன் ஊரிலேயே வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதிவரை போனார்கள் என்பதையும் கண்டிப்பாகச் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் உதவினாள். சேர்த்துவிட்டேன், தாயே.

கார்லைல் கதை உங்களில் பலருக்கு நான் ஏற்கெனவே இரண்டு முறையாவது சொல்லியிருப்பேன். 1999, மே 8, கடைசி ஆட்டம், பிளிமத்தோடு 1-1, ஜெயித்தால்தான் லீக்கில் இருக்கலாம், நேரமும் முடிந்துவிட்டது. கார்னர் கிடைக்கிறது. கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸ் தன் கோலை விட்டுவிட்டு ஓடி வருகிறார். கிளப்பிடம் கீப்பர் இல்லாமல் போனதால் ஸ்விண்டனிலிருந்து லீக்கின் தனி அனுமதியோடு கடனாக வாங்கி வந்த ஆள், கார்லைலுக்காக ஆடியது மொத்தம் மூன்றே ஆட்டம். தடுக்கப்பட்ட பந்து அவர் காலடியில் வந்து விழ, அடித்தார், கோல். இதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு, அந்த கோலால் லீக்கை விட்டு வெளியே போன ஸ்கார்பரோவைச் சேர்ந்த ஒரு பஸ் ஓட்டுநர் கிடைத்தார். அங்கே அவர்களுடைய ஆட்டம் முன்பே முடிந்துவிட்டது, தப்பித்துவிட்டோம் என்று மைதானத்துக்குள் இறங்கிக் கொண்டாடிக்கொண்டிருந்தவர்களின் காதில் ரேடியோ. "சத்தம் ஒரு பக்கத்திலிருந்து அடங்கிக்கொண்டே வந்தது, அலை பின்வாங்குவதைப் போல" என்றார். கடற்கரை ஊர்க்காரர், அவருக்கு அப்படித்தான் சொல்லத் தெரிந்திருக்கிறது. 1987இல், லிங்கன் வெளியே போன அந்தக் கதவு வழியாகவே உள்ளே வந்த கிளப் ஸ்கார்பரோ என்பது இன்னொரு வேடிக்கை. 2007இல் கடனால் கிளப்பே மூடப்பட்டது. ரசிகர்கள் புதிதாக ஒன்று தொடங்கி நடத்துகிறார்கள். ஓட்டுநரே, டிக்கெட் கிழிக்கும் இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பேசியதற்கு உங்கள் பயணிகள் என்னை மன்னிக்கட்டும்.

அக்ரிங்டன் ஸ்டான்லியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்விக்கு அன்றிரவு எல்லா மேசையும் சரியான விடை எழுதிவிட்டது. 1962இல் சீசன் நடுவிலேயே கடனால் அக்ரிங்டன் லீக்கை விட்டு விலக, காலியான இடத்துக்கு வந்தது ஆக்ஸ்போர்டு யுனைடெட். 2006இல் புது அக்ரிங்டன் லீக்குக்குள் திரும்பியபோது கீழே இறங்கியவர்களில் ஒருவர் அதே ஆக்ஸ்போர்டு. இதைக் கற்பனையாக எழுதினால் ரொம்பச் செயற்கை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பெரி கிளப்பின் ரசிகர் ஒருவருக்கு நான் தனியாகக் கடன்பட்டிருக்கிறேன். "2019இல் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட கிளப் எது?" என்று ஒரு கேள்வி வைத்திருந்தேன். நல்ல கேள்வி என்றுதான் நினைத்தேன். அவர் தாளைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதை எடுத்துவிட முடியுமா?" என்று மட்டும் கேட்டார். 1885இல் தொடங்கிய கிளப், அவர் தாத்தா காலத்திலிருந்து வீட்டில் எல்லாரும் கிக் லேன் மைதானத்துக்குப் போனவர்கள், ஓர் ஆகஸ்ட் இரவில் செய்தி வந்தது, அதைப் பீர் குடித்துக்கொண்டே யாரோ இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதுவது தனக்குப் பிடிக்கவில்லை என்றார். நியாயம்தானே? எடுத்துவிட்டேன். அவரே வேறொன்று கொடுத்தார்: எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் மிகப் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்த கிளப் எது? 1903இல் டார்பி கவுண்டியை 6-0 என்று வீழ்த்திய பெரி. அந்த வருடக் கோப்பையில் அவர்கள் ஒரு கோல்கூட வாங்கவில்லை. 116 வருடம் தனியாக நின்ற அந்தச் சாதனையை மான்செஸ்டர் சிட்டி சமன் செய்தது 2019 மே மாதம். பெரி வெளியேற்றப்பட்டது அதே ஆண்டு ஆகஸ்டில். விடையைப் படித்தபோது இந்தக் கடைசி இரண்டு வரியை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் ஓரமாக நின்று தலையாட்டினார்.

மற்றவர்களுக்கு வேகமாக. ஷ்ரூஸ்பரியிலிருந்து வந்த தம்பதிக்கு: உங்கள் பழைய கே மெடோ மைதானம் செவர்ன் ஆற்றங்கரையில் இருந்ததும், ஆற்றில் விழுந்த பந்துகளை ஃப்ரெட் டேவிஸ் பரிசலில் போய் எடுத்து வந்ததும் எனக்குப் பிடித்த கேள்வி. பரிசல் என்றால் நம் ஒகேனக்கல் பரிசலின் பங்காளிதான், படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். ஹார்ட்லிபூல் ஆசாமிக்கு: உங்கள் கிளப்பின் சின்னமான குரங்கு வேஷத்தைப் போட்டு மைதானத்தில் ஆட்டம் போட்ட ஸ்டூவர்ட் டிரம்மண்ட், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம் என்று வாக்குறுதி கொடுத்து 2002இல் மேயராகவே ஜெயித்ததை எங்கள் மேசைகளில் ஒருவரும் நம்பவில்லை, நம்மூர்க்காரனான எனக்கு மட்டும் அதில் ஆச்சரியமே இல்லை. பழைய நாளிதழ்களை எடுத்துக் கொடுத்த நூலக அம்மாவுக்கும் நன்றி. ஸ்விண்டன் டவுன் பெயரில், மேக்கரல் என்ற மீனின் ஆங்கிலப் பெயரிலுள்ள ஓர் எழுத்துகூட வராது, லீக் கிளப்புகளில் அப்படி அது ஒன்றுதான் என்று சொன்ன பையனுக்கு மட்டும் நன்றி கிடையாது. அந்தக் கேள்வியால் கால் மணி நேரம் சண்டை. ஒவ்வொரு மேசையும் 92 கிளப்பையும் எழுதிப் பார்க்க உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அது நம் கானாங்கெளுத்திதான் என்று மனைவியிடம் சொன்னபோது, "இதற்கா ராத்திரி பன்னிரண்டு மணி?" என்றாள். அவளுக்கும், 40 கேள்வியையும் தட்டச்சு செய்து அதில் மூன்று எழுத்துப் பிழையைப் பிடித்த மகளுக்கும் நன்றி.

கூரைக்குத் தேவையானதில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. மீதிக்கு இன்னொரு இரவு வைப்பார்கள், கேள்வி தயாரிக்க வேறு ஆள் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக கிரிம்ஸ்பி பாட்டிக்கு. கிரிம்ஸ்பி டவுனின் மைதானம் கிரிம்ஸ்பியில் இல்லை, பக்கத்து ஊரான கிளீதோர்ப்ஸில் இருக்கிறது, அதனால் சொந்த ஊரில் ஆடவே ஆடாத கிளப் எது என்று கேட்கச் சொன்னது நீங்கள்தான். 2025 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை பெனால்டியில் 12-11 என்று ஜெயித்த இரவைப் பற்றி நீங்கள் சொல்லி முடிக்கும்போது என் டீ ஆறிப்போயிருந்தது. மேடைக்கு அழகாக இருக்கும் என்று நீங்கள் கொடுத்தனுப்பிய காற்றடைத்த ஹாடாக் மீன் (உங்கள் ரசிகர்கள் ஆட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது, பெயர் ஹாரி) இப்போது எங்கள் சமையலறையில் ஃபிரிட்ஜ் மேல் படுத்திருக்கிறது. வாலருகே லேசாகக் காற்று இறங்குகிறது, அது எங்களிடம் வருவதற்கு முன்பே அப்படித்தான் இருந்தது என்று மகள் சத்தியம் செய்கிறாள். சைக்கிள் கடையில் ஒட்டுப் போட்டு, ஆகஸ்டில் உங்கள் முதல் ஆட்டத்துக்கு முன்னால் நானே கொண்டு வந்து தருகிறேன்.

அன்புடன்,
கேள்வி தயாரித்தவன்