திரையில் தெரிவது எந்தத் திகதியின் சட்டம்?

யாழ்ப்பாணத்துச் சட்ட நூலகங்களின் பொறுப்பாளர்களுக்கும் அவற்றுக்கு நூல் தெரிவுசெய்யும் குழுக்களின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். சட்ட ஆராய்ச்சி நாளுக்கு நாள் கணினிக்கு மாறிவரும் இவ்வேளையில் உங்களிடம் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். உங்கள் கணினிகளில் வாசகர் திறக்கும் ஒவ்வொரு சட்டமும் எங்கிருந்து பெறப்பட்டது, எந்தத் திகதி வரையான திருத்தங்களைக் கொண்டது, மூலத்துடன் ஒப்புநோக்கப்பட்டதா என்பவற்றை நூலகமே எழுத்தில் காட்ட வேண்டும். அவ்வாறு காட்ட இயலாத வரையில், அதற்குரிய அச்சுத் தொகுதியை இடநெருக்கடியைக் காரணங்காட்டித் தட்டிலிருந்து அகற்றக் கூடாது.

1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவரைத் தடுப்புக் கட்டளையில் வைத்திருக்கக்கூடிய உச்சக் காலம் 18 மாதங்களாக இருந்தது. 2022 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதனை 12 மாதங்களாகக் குறைத்தது. இணையத்தில் தேடும்போது முதலில் கிடைப்பது திருத்தத்திற்கு முந்திய பிரதியாக இருந்தால், அது பழையது என்பதற்கான எந்த அடையாளமும் அதில் இராது. தடுப்பில் உள்ள மகனைப் பற்றி விசாரிக்க வந்த தாய்க்கு அந்தப் பிரதியைப் பார்த்துப் பதில் சொல்லும் இளம் சட்டத்தரணி, உச்சக் காலத்தை ஆறு மாதங்கள் கூட்டிப் பிழையாகச் சொல்லிவிடுவார்.

பழைய பிரதிகளை அழித்துவிடுவதும் இதற்குத் தீர்வாகாது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையோடு பழகியவர்களுக்கு இது நன்கு விளங்கும். 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் தேடியதேட்டத்தின் (திருமண காலத்தில் தேடிய சொத்தின்) வரைவிலக்கணத்தை 1947 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மாற்றியமைத்தது. ஒரு காணியின் உரித்தைப் பாட்டன், பூட்டன் காலத்து உறுதிகள் வரை தேடிச் செல்லும்போது, அது எப்போது வாங்கப்பட்டது என்பதைப் பொறுத்து இரண்டு வாசகங்களும் தேவைப்படலாம். ஆகவே எங்களுக்கு வேண்டியது புதிய பிரதி மட்டுமன்று. ஒவ்வொரு பிரதியும் எக்காலத்துக்கு உரியது என்ற குறிப்பும் வேண்டும். அச்சுத் தொகுதியில் அதன் ஆண்டு முகப்பிலேயே இருக்கும். இணையப் பக்கத்தில் பெரும்பாலும் அது இருப்பதில்லை.

பழைய சட்ட அறிக்கைகளை ஒளிவருடி, எழுத்துணரி மென்பொருளால் வாசகமாக மாற்றிய கோப்புகளில் இன்னொரு ஆபத்து உண்டு. பிரிவு இலக்கத்தில் 3 என்பது 8 ஆகிவிடும். அடிக்குறிப்பு தீர்ப்பின் நடுவே நுழைந்துவிடும். பக்க எண்கள் மறைந்துவிடும். மூலப் பக்கத்தின் படமும் கூடவே இருந்தால் இப்பிழைகளைக் கண்டுகொள்ளலாம்.

தமிழ் வாசகங்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்ற மொழி தமிழாக இருந்தும், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அமைந்த தமிழ்ச் சட்டக் கோப்புகளில் ஒரு சொல்லைக்கூடத் தேட முடிவதில்லை. பிரதிசெய்து ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வருகின்றன. இதனால் தமிழில் வழக்குப் பேசுபவர்கூட ஆங்கிலத்திலேயே தேட வேண்டியுள்ளது. சட்டமூலமாக, அதாவது பாராளுமன்றத்தில் நிறைவேறுமுன் வரைவாக, வெளியானதைச் சட்டமாக எண்ணிப் பயன்படுத்துவதும் நடக்கிறது. பாராளுமன்றக் குழுநிலையில் திருத்தப்பட்ட வாசகங்கள் சட்டமூலத்தில் இரா என்பதைப் பயிலுநர்களுக்கு நூலகர்கள் எடுத்துச் சொல்வது பெரும் உதவியாக இருக்கும்.

இச்சிக்கல் எங்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க உயர் நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோள் காட்டப்பட்ட இணைய முகவரிகளில் ஏறத்தாழ அரைவாசி, முதலில் காட்டிய உள்ளடக்கத்தைக் காட்டவில்லை என ஹாவார்ட் ஆய்வாளர்கள் 2014 இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 2013 ஜூலை 1 முதல் மின்னியல் ஒப்பமிட்ட இணைய வர்த்தமானியே சட்டவலுவுள்ள பதிப்பாக உள்ளது. அரசு பொறுப்பேற்றால் இணையப் பிரதியையும் முழுமையாக நம்பலாம் என்பதற்கு அது சான்று. 2023 இல் நியூயோர்க் நீதிமன்றம் ஒன்று, செயற்கை நுண்ணறிவுச் செயலி கற்பனையாகத் தந்த தீர்ப்புகளைச் சமர்ப்பித்த சட்டத்தரணிகளுக்கு 5,000 டொலர் தண்டம் விதித்தது. அத்தகைய மேற்கோள்களைச் சரிபார்க்க ஒருவர் ஓடிவரக்கூடிய இடம் நூலகந்தான்.

மின்னியல் பிரதிகள் வேண்டாம் என்பது என் கருத்தன்று. 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களைத் தீயில் இழந்த ஊர் இது. ஒரே பிரதியை ஒரே கட்டடத்தில் வைத்திருப்பதன் விலையை நாங்கள் அறிவோம். அதனாலேயே, வெளித்தளம் ஒன்றுக்கு இணைப்புக் கொடுப்பதோடு நிற்காமல், கோப்பை நூலகத்தின் சொந்தச் சேமிப்பில் வைத்து, பெற்ற திகதியையும் இடத்தையும் பதிந்து, வேறொரு கட்டடத்திலும் ஒரு பிரதியைக் காக்குமாறு கேட்கிறேன். சந்தா எடுக்கும் தரவுத்தளங்களின் ஒப்பந்தங்களில், சந்தா முடிந்த பின்பும் வாங்கிய ஆண்டுகளுக்கான பிரதிகள் எங்களிடம் இருக்குமா என்பதையும் கையொப்பமிட முன்னர் கேளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய ஆளணி போதாது என்பதை உணர்கிறேன். 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், அதன் 1947 ஆம் ஆண்டுத் திருத்தம், அதே ஆண்டின் 59 ஆம் இலக்கத் தேசவழமை முற்கொள்வுரிமை (காணி விற்கப்படும்போது பங்குரிமையாளர் போன்றோர் முதலில் வாங்கும் உரிமை) கட்டளைச் சட்டம் ஆகிய மூன்றிலிருந்து தொடங்கலாம். இவற்றின் வாசகங்களை அச்சுப் பிரதியுடன் வரிக்கு வரி ஒப்புநோக்கும் பணிக்கு நான் ஊதியமின்றி வர ஆயத்தமாயிருக்கிறேன். சக சட்டத்தரணிகளையும் அழைத்து வருவேன்.

இங்ஙனம்,
யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி ஒருவர்