பங்காருப்பேட்டையில் இறங்கிய அம்மாவுக்கு நன்றி

பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் காட்பாடி தாண்டியதும், "பார்த்துக்கிட்டே இருக்கியே, கையில பிடிச்சுப் பாரு கண்ணு" என்று உங்கள் பின்னல் ஊசிகளையும் உல்லன் உருண்டையையும் என்னிடம் நீட்டினீர்கள். பேர் கேட்காமல் விட்டேன். கோலார் தங்கவயலில் வீடு என்று மட்டும் தெரியும்.

ஜோலார்பேட்டை வருவதற்குள் ஊசியில் கண்ணி, அதாவது நூல் வளையம், ஏற்றக் கற்றுத்தந்துவிட்டீர்கள். நீங்கள் சொன்ன ஒன்று இன்றும் வியப்பாகவே இருக்கிறது: பின்னலில் அடிப்படை இரண்டே வகைக் கண்ணிதான், நேர்க்கண்ணி (knit), மறுகண்ணி (purl). நேர்க்கண்ணியைத் திருப்பிப் பார்த்தால் அதுவே மறுகண்ணி. ஒரு வரி நேர், ஒரு வரி மறு என்று பின்னினால் துணி வழுவழுப்பாக வரும், ஆனால் ஓரம் சுருண்டுகொள்ளும். எல்லா வரியும் நேராகவே பின்னினால் சுருளாமல் தட்டையாகப் படுக்கும். ஒரே வரியில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால், ஸ்வெட்டர் மணிக்கட்டில் இருக்குமே, இழுத்தால் விரிந்து திரும்பச் சுருங்கும் அந்தத் தன்மை வந்துவிடும். இரண்டு கண்ணிக்குள் இவ்வளவா!

சென்னை வெயிலுக்கு உல்லன் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நீங்கள் சொன்னபடி காட்டன் நூலும் 4 மி.மீ. மூங்கில் ஊசியும் வாங்கினேன். மூங்கிலில் கண்ணி எளிதில் வழுக்காது, புதுக் கைக்கு அதுதான் சரி. இப்போது அக்கா குழந்தைக்குத் தொப்பி பின்னிக்கொண்டிருக்கிறேன். வேலை முடிந்து வந்ததும் கை தானாக ஊசியைத் தேடுகிறது. இத்தனை சந்தோஷம் இதில் இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

தங்கவயல் பக்கம் ரயிலில் பின்னிக்கொண்டு போகும் அம்மாவை யாருக்காவது தெரிந்தால், இதைக் காட்டுங்கள். ரொம்ப நன்றிம்மா.